பேகம்பூர்த் தோலும் பெயர் சொல்லத் தயங்கிய நாமும்

திண்டுக்கல்லின் அடையாளம் எதுவென்று வெளியூர்க்காரரைக் கேட்டால் பூட்டு என்பார், பிரியாணி என்பார். இன்னும் சற்று விவரம் அறிந்தவர் மலைக்கோட்டையையும் சிறுமலை வாழைப்பழத்தையும் சேர்த்துக்கொள்வார். தோலைச் சொல்பவர் அரிது. ஆனால் பேகம்பூரைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களில், பாட்டனாரோ மாமனாரோ தோல் ஷாப்பில் கணக்கு எழுதாத, கூலி வாங்காத, அல்லது முதலாளியாக இராத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தலைமுறை தலைமுறையாக நம்மை வாழவைத்த தொழிலுக்கு ஊரின் பெயர் ஏன் ஒட்டவில்லை? இந்தக் கேள்வியை நாம் தோலோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. இன்று வீட்டிலிருந்தபடி சிறு வியாபாரம் செய்யும் நம் சகோதரிகளும் இளைஞர்களும் தம் பெயரை வெளியே சொல்ல ஏன் கூசுகிறார்கள் என்பதற்கும் விடை அங்கேயே கிடைக்கும் என்று தோன்றுகிறது.

பேகம்பூர் என்ற பெயரிலிருந்தே தொடங்கலாம். 1755ஆம் ஆண்டு மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் இங்கேயே மரணமுற்று அடக்கம் செய்யப்பட்டார். அவர் அடங்கிய பள்ளிவாசலும் அதைச் சூழ்ந்த பகுதியும் அந்தப் பேகத்தின் பெயரால் வழங்கலாயின. ஊரிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதி ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம், முகவரியில் எழுதுகிறோம், பேருந்து நடத்துநரிடம் சொல்லிச் சீட்டு வாங்குகிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண் ஒருத்தி தன் கைப்பொருளின் மேல் தன் பெயரை எழுத நினைத்தால் மட்டும் நமக்கு என்னவோ போல் இருக்கிறது.

இனித் தோலுக்கு வருவோம். உப்பிட்டு வந்த ஆட்டுத் தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பை நீக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. அங்கே மயிர் தளர்ந்ததும் கத்தியால் மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் வழித்தெடுக்க வேண்டும். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாறு. தமிழகத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் தானாக வளரும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் நெடுங்காலம் நம் தோலுக்குப் பதம் தந்தது. பின்னாளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கடுக்காய்ச் சாற்றில் தோய்த்தால் தோல் வெளிர் நிறம் பெறும், நாளாகச் சிவந்து போகாமலும் இருக்கும். கடைசியில் எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், நாற்றத்திலும் ஈரத்திலும் நின்று செய்யும் வேலை இது.

இத்தனை பாடுபட்டு உருவான தோல் எங்கே போயிற்று? சென்னைப் பெரியமேட்டுக்கு. அங்கிருந்த கமிஷன் மண்டிக்காரர்கள் உள்ளூர் தோல் ஷாப்புகளுக்கு முன்பணம் கொடுப்பார்கள். சரக்கு வந்ததும் தரம் பிரித்துக் கட்டுக் கட்டிக் கப்பலேற்றுவார்கள். லண்டனில் அது ஏலம் போகும். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, ஆம்பூர், வாணியம்பாடி என எந்த ஊரில் பதமானாலும் அங்கே அதற்கு ஒரே பெயர்தான்: கிழக்கிந்தியத் தோல். கட்டின் மேல் தோல் ஷாப்பின் குறி இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தோலால் ஆன காலணியை அணிந்த இங்கிலாந்துக்காரருக்குத் திண்டுக்கல் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. நம் முன்னோருக்கும் அந்தக் காலணி யார் காலில் ஏறிற்று என்று தெரியாது.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. முன்பணம் மண்டிக்காரருடையது, பேரம் மண்டிக்காரருடையது, வெள்ளைக்காரரோடு ஆங்கிலம் பேச வேண்டிய இக்கட்டும் அவருடையதே. தோல் ஷாப்புக்காரர் குழியையும் பட்டையையும் பார்த்துக்கொண்டால் போதும். முன்னே நிற்க வேண்டிய அவசியம் இல்லாதவருக்கு நாளடைவில் முன்னே நிற்கவே கூச்சம் வந்துவிடுகிறது. பிறகு அந்தக் கூச்சத்துக்கு நாமே நல்ல பெயர்களைச் சூட்டிக்கொண்டோம். அடக்கம் என்றோம். “பேரு வெளிய தெரிஞ்சா கண்ணு பட்டுரும்” என்றோம். முகஸ்துதிக்கு அஞ்சுகிறோம் என்றோம்.

கண்ணேறு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ரியா என்னும் முகஸ்துதி அமலை அழிக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ரியா என்பது பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக இபாதத்தைச் செய்வது. விற்கும் பொருளின் மேல் செய்தவர் பெயரை எழுதுவதை எந்த நூலும் ரியா என்று சொன்னதாக நாம் படித்ததில்லை. உண்மையான அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டுவிட்டால் அந்தப் பொருளின் குறையும் நம்முடையதாகிவிடும். பெயரில்லாத பொருள் கெட்டுப்போனால் யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டுவதில்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு நிகழ்ச்சி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததே. கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இந்த நிகழ்ச்சியை மோசடிக்கு எதிரான பாடமாகவே நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டு வருகிறோம். அந்த வியாபாரி நின்ற இடத்தையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். அவரை ஒளிந்துகொள்ளச் சொல்லவில்லை. கடையை மூடச் சொல்லவில்லை. குறையை மேலே வைத்துக்கொண்டு, அதே இடத்தில், எல்லோரும் பார்க்க நிற்கச் சொன்னார்கள்.

அப்படி நிற்கத் துணிந்தவர் நம் தோல் வணிகத்திலும் ஒருவர் உண்டு. திண்டுக்கல்காரர் அல்லர், சென்னையில் தொழில் நடத்தியவர். ஜமால் முகமது சாகிப் என்னும் தமிழ் முஸ்லிம் தோல் வணிகர். 1931இல் லண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாடு கூடியபோது, இந்திய வணிகர்களின் கூட்டமைப்பு புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், ஜி.டி. பிர்லா ஆகியோருடன் அவரையும் தன் பிரதிநிதியாக அனுப்பியது. காந்தியடிகள் காங்கிரஸின் சார்பில் கலந்துகொண்ட மாநாடு அது. எந்த நகரத்தில் நம் தோல் ஊர்ப்பெயர் இழந்து ஏலம் போயிற்றோ, அதே நகரத்தில் அத்தொழிலைச் செய்த ஒருவர் தம் பெயரோடு போய் அமர்ந்தார். கப்பலில் போகும்போது அவருக்குத் தயக்கம் இருந்ததா என்பதை எந்த ஏடும் நமக்குச் சொல்லப்போவதில்லை. 1929இல் அல்லாமா இக்பால் சென்னைக்கு வந்து ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளுக்குப் பின்னால் இருந்த புரவலரும் இவரே. காஜாமியான் ராவுத்தரோடு சேர்ந்து அவர் கண்ட கல்லூரி 1951இல் திருச்சியில் தொடங்கியது. ஜமால் முகமது கல்லூரி என்று சொன்னால் இன்று தெரியாதவர் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே படித்துப் பட்டம் பெற்றார்கள்! தோலுக்குக் கிடைக்காத பெயர் கல்விக்குக் கிடைத்தது.

எஞ்சியவர்களை முன்னே தள்ளியது அரசாங்கம். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது. அரைப்பதத் தோலுக்கும் வரம்பு வந்தது. முழுப்பதத் தோலாகவோ காலணியாகவோ செய்து அனுப்பினால்தான் இனி வாழ்வு என்றாயிற்று. நிறம், மெருகு, தடிமன் என்று வெளிநாட்டு வாங்குபவர் நேரில் கேட்கும் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லியாக வேண்டும். சிலர் துணிந்தார்கள், சிலர் கடையைக் கட்டினார்கள். துணிந்தவர்களுக்கு உதவ 1948 முதலே சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. படிக்கட்டு ஏறிப் போய் “எனக்கு இது தெரியாது” என்று சொல்லத்தான் மனம் வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு கனமானது என்று வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியும்.

ஒளிந்திருப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்தை முற்றாக உடைத்தது 1996. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரையைப் பற்றித் தொடங்கிய வழக்குதான். ஆனால் தீர்ப்பு ஐந்து மாவட்டங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவற்றுள் ஒன்று அப்போதைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாதவை மூடப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். தரத்துக்காக ஒரு நாளும் வெளியே சொல்லப்படாத நம் தொழிலின் பெயர், கழிவுக்காக நாடெங்கும் சட்டப் புத்தகங்களில் ஏறிற்று. அந்தக் கழிவு கிணறுகளில் இறங்கியது உண்மை, சுற்றுப்புறத்து விவசாயிகளின் வயல்கள் பாழானது உண்மை. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்தோம், கை உள்ளே போயிற்று. பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதற்குள் பல குழிகள் வறண்டு போயின.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாளிகளுக்குப் பெயர் இல்லை என்று நாம் வருந்துகிறோம். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற தொழிலாளர்களின் பெயரை நாம் கேட்டதே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களுடைய வாழ்வையும் சங்கம் வைத்துப் போராடிய கதையையும் டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். களம் நம் திண்டுக்கல்தான். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் வீடுகளில் அந்நாவலைப் படித்தவர்கள் குறைவு. படித்தால் சில பக்கங்கள் உறுத்தும், உறுத்தட்டும்.

நாம் தயங்கி நின்ற காலத்தில் இதே ஊரின் மற்ற தொழில்கள் என்ன செய்தன? 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் பிரியாணிக் கடை திறந்தார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையே கடைக்கு அடையாளமாகி, தலப்பாகட்டி என்ற பெயர் கடல் கடந்து போயிற்று. நம் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணி சமைத்தவர்கள் கைப்பக்குவத்தில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனாலும் ஊருக்கு அவர்கள் வெறும் ‘பாய்’. பூட்டுத் தொழிலாளர்கள் அலிகார் பூட்டின் மலிவு விலையோடு போராடி நலிந்தார்கள். ஆயினும் திண்டுக்கல் பூட்டு என்ற பெயரை விடவில்லை. 2019 ஆகஸ்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோல் வேலையை இழிவென்று கருதியதாலும் நாம் அதை வெளியே சொல்லவில்லையோ என்னவோ. அப்படியென்றால் நாம் மறந்தது நம் அன்னையரை. நபியவர்களின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதமிட்டார்கள். நபியவர்கள் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்ததாக ஹதீஸ் உண்டு. உழைத்து ஈட்டியதை ஸதகாவாக வழங்கியதால்தான் நபியவர்கள் குறிப்பிட்ட ‘நீண்ட கை’ அவர்களுடையது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தார்கள். செத்த ஆட்டின் தோலைப் பதப்படுத்திப் பயன்படுத்தியதை அன்னை ஸவ்தா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவர்கள் ஷாமுக்குச் சரக்கு அனுப்பியபோது அது கதீஜாவின் சரக்கு என்று மக்காவுக்கே தெரிந்திருந்தது. சரக்கோடு போனவரின் நேர்மையைப் பணியாளர் மைஸரா வந்து சொன்னதும் யாரிடம்? முதல் போட்ட பெண்மணியிடமே.

நம் தெருவில் ஒரு சகோதரி ஒன்பது ஆண்டுகளாக வீட்டிலேயே பிரியாணி மசாலா அரைத்து விற்கிறார். வெறும் பாலிதீன் உறை, வாயில் ரப்பர் பேண்டு. வாங்குபவர்கள் ‘அந்த வீட்டு மசாலா’ என்றே சொல்வார்கள். சென்ற மாதம் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பித்து எண்ணும் வாங்கிவிட்டார், மாஷா அல்லாஹ். ஒட்டுச்சீட்டு அச்சடிக்க 200க்குச் சொல்லியிருக்கிறார். அரைத்த தேதியும், எத்தனை நாள் தாங்கும் என்பதும், குறை இருந்தால் அழைக்க வேண்டிய எண்ணும் அதில் வருகின்றன. தம் பெயரைப் போடுவதா, மகனின் பெயரைப் போடுவதா என்பது மட்டும் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அச்சகத்துக்காரர் இரண்டு முறை அழைத்துக் கேட்டுவிட்டார்.