சொல்லாமல் விட்ட வாக்கியம்

1995ஆம் ஆண்டு. இலண்டனில் ஒரு மருத்துவமனையில் அம்மாவுக்கும் வைத்தியருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு 14 வயது. சத்திரசிகிச்சையின் ஆபத்துகளை வைத்தியர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அரிதாகச் சிலர் மயக்கத்திலிருந்து எழும்பாமலே போகலாம் என்பது கடைசி. அதை நான் தமிழில் சொல்லவில்லை. அம்மா பயந்துவிடுவா என்று நினைத்தேன். "டொக்டருக்குத் தெரியாததே தம்பி, எங்க கையெழுத்து வைக்கோணும் எண்டு கேள்" என்றா அம்மா.

அந்நாளைய ஆங்கிலச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். மின்னதிர்ச்சிச் சிகிச்சையின்போது இடுப்பெலும்பு முறிந்த ஜோன் போலம், ஆபத்தை முன்பே தனக்குச் சொல்லவில்லை என்றும் முறையிட்டார். பொறுப்பான வைத்தியர் குழுவொன்று ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால் அது கவனயீனம் ஆகாது என்று 1957இல் நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். போலம் தோற்றார். முதுகெலும்புச் சத்திரசிகிச்சையால் ஊனமுற்ற ஏமி சிடவேயும் 1985இல் பிரபுக்கள் சபையில் தோற்றார். எதைச் சொல்வது என்பதை நோயாளியின் நிலையில் நின்று அளக்கவேண்டும் என்று எழுதியவர் ஸ்கார்மன் பிரபு மட்டுமே.

அது சட்டமாக 30 ஆண்டுகள் சென்றன. ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயரில் 1999இல் பிரசவித்த நடீன் மொன்ட்கோமரி நீரிழிவு உள்ளவர், உருவத்தில் சிறியவர். குழந்தை பெரிதாயிற்றே என்று கவலைப்பட்டவர். இத்தகைய தாய்மாரின் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் சாத்தியம் 9 முதல் 10 வீதம். சொன்னால் பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள் என்று எண்ணி வைத்தியர் சொல்லவில்லை. தோள் சிக்கியது. தலை வெளிவந்து 12 நிமிடங்களின் பின்பே குழந்தை பிறந்தது, மூளைவாதத்தோடு. 2015 மார்ச் 11இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் தாயின் பக்கம் நின்றார்கள். அவருடைய நிலையில் உள்ள ஒருவர் முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்தையும், வேறு வழிகளையும் எடுத்துச் சொல்வது வைத்தியரின் கடமை என்றார்கள்.

அந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு வைத்தியரின் நினைவு வரவில்லை. என் நினைவுதான் வந்தது. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், வைத்தியத்தை நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நிற்பவர் என நான்காக வகுக்கிறது. முதலில் வருபவர் நோயாளி. நான்காமவனாக இருந்த நான், முதலாமவருக்குச் சேரவேண்டியதை வழியில் வைத்துக்கொண்டேன். அன்புதான் காரணம். லனார்க்ஷயர் வைத்தியரும் நல்லதென்று நினைத்துத்தான் செய்திருப்பார்.

போன வருடம் அம்மாவிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா.

"தெரிஞ்சிருந்தாலும் ஒப்பரேஷன் செய்திருப்பன்" என்றா. "ஆனா ஊருக்கு அம்மம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டுப் போயிருப்பன்."