கம்பளியும் கல்லும் ஓலையும்: விளையாட்டுத் தடித்த எழுத்தின் கோண வடிவமும் தமிழ் வரிவடிவ வரலாறும்

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில் அமைந்த மன்னவனூர், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையத்தால் பரவலாக அறியப்படும் ஊராகும். 1965இல் தொடங்கப்பெற்ற இம்மையம் பாரத் மெரினோ என்னும் நுண்கம்பளி ஆட்டினத்தைப் பேணி வருகிறது. எழுத்துருவியல் குறித்த கட்டுரை ஆட்டுக் கம்பளியில் தொடங்குவது சற்று விந்தையாகத் தோன்றலாம். எனினும் விளையாட்டுச் சட்டைகளில் இன்று உலகெங்கும் காணப்படும் தடித்த, மூலை வெட்டிய எழுத்து வடிவம் கம்பளித் துணியோடு நெருங்கிய தொடர்புடையது. 'தமிழ் இயல்பிலேயே வட்ட எழுத்து. கோண வடிவம் அதற்கு ஒவ்வாது' என்னும் கருத்து மரபு உண்மைபோல வழங்கிவருகிறது. அக்கருத்து வரலாற்றுச் சான்றுகளுக்குப் பொருந்துகிறதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக பேஸ்பால் அணியினர் 1865இல் தம் சட்டையில் பல்கலைக்கழகப் பெயரின் முதலெழுத்தைப் பொறித்துக்கொண்டதையே இம்மரபின் தொடக்கமாகக் குறிப்பர். அவ்வெழுத்து கோண வடிவினது அன்று. இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளை ஒத்த அணியெழுத்து. கோண வடிவம் பின்னரே நிலைபெற்றது. நெய்யாமல் அழுத்திச் செய்யப்படும் ஃபெல்ட் என்னும் கம்பளித் துணியை வெட்டினால் ஓரம் பிரியாது. அதை நேர்கோட்டில் வெட்டுவதும் சட்டையின்மேல் வைத்துத் தைப்பதும் வளைகோட்டைவிட எளிது. வட்டத்தின் இடத்தில் எண்கோணம் வந்தமைக்கு இவ்வசதி ஒரு முக்கியக் காரணம் எனலாம். 1970இல் ரோன் போண்டர், டாம் கார்னேஸ் ஆகியோர் உருவாக்கிய 'மெஷின்' போன்ற எழுத்துருக்கள் இத்தகைய எண்கோண அமைப்பை அச்சுலகில் பரப்பின. ஆகவே கோணம் உரோமன் எழுத்தின் பிறவிக் குணம் அன்று. கத்தரியும் துணியும் அதற்கு அளித்த குணம்.

தமிழுக்கு வருவோம். பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், 'வய்ர' எனப் பொறிக்கப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய தாழித்தாங்கி கிடைத்தது. அதே ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்மணிகளின் காலம் பொ.ஆ.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அக்காலக் கணிப்பைப் பற்றிய விவாதம் தனி. வடிவ நோக்கில் அம்மூன்றெழுத்தே போதிய சான்று: வகரம் வட்டமும் கோடும், யகரம் வளைவு, ரகரம் வெறும் நேர்கோடு. மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகற்களும் இவ்வெழுத்தின் கல்வடிவத்தைக் காட்டுவன.

இவற்றை இன்றைய எழுத்தோடு ஒப்பிடுங்கால் எதிர்பாராத ஒன்று புலனாகிறது. தமிழ்-பிராமியில் ககரம் நேர்கோடுகளால் ஆன சிலுவை வடிவம்; இன்றோ வளைந்து சுழித்து நிற்கிறது. டகரம் அரைவட்டமாகவும், பகரம் அடிவளைந்த கொக்கியாகவும் இருந்தன. இன்று இவ்விரண்டும் செங்கோணம் கொண்டவை. அதாவது, தமிழ் எழுத்து கோணத்திலிருந்து வட்டத்திற்கு ஒரே திசையில் நகரவில்லை. சில எழுத்துகள் வளைந்தன, சில நிமிர்ந்தன.

நேர்கோடு ஓலையைக் கிழிக்கும், ஆதலின் தமிழ் வட்டமாயிற்று என்பது பாடநூல் விளக்கம். அது முழு விளக்கமாயின், ப, ட ஆகியவற்றின் அடிக்கோடு ஓலை வழங்கிய காலத்திலேயே நிலைபெற்றது எங்ஙனம்? ஓலையை ஒரு காரணமாகக் கொள்ளலாம். முழுமுதற் காரணமாகக் கொள்வதற்கில்லை.

அச்சு மரபு தடிமனை நெடுங்காலம் நாடவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியனவாயிருந்து தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. சிறுமையே அன்றைய தேவை. அண்மையில் ஆதர்ஷ் ராஜன் வடிவமைத்த 'பலூ தம்பி' போன்ற தடித்த தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அது செம்மையான ஆக்கமே. எனினும் அதன் முனைகள் உருண்டவை. விளையாட்டுச் சட்டைக்குரிய கோண வடிவம் தமிழில் இன்னும் ஒரு மரபாக உருப்பெறவில்லை.

இதன் தடை கோணத்தில் இல்லை, சுழியில் இருக்கிறது என்பது இவ்வாய்வாளரின் கருத்து. தடிமன் கூடக்கூட எழுத்தின் உள்வெளி சுருங்கும். மன்னவனூர் என்னும் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். இதில் இரண்டுசுழி னகரம் மூன்று முறை வருகிறது. வகரத்திலும் ஒரு சுழி உண்டு. சுழிகள் அடைபட்டால், ஆட்டக்களத்தின் மறுகரையில் நிற்பவருக்கு இரண்டுசுழி னகரமும் மூன்றுசுழி ணகரமும் ஒன்றுபோலவே தெரியும். உரோமன் எழுத்துக்கு இந்நெருக்கடி இல்லை. அதன் பெரிய எழுத்துகளில் இரண்டுக்கு மேற்பட்ட அடைப்பு எதிலும் இல்லை.

1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தமும் இங்குக் கருதத்தக்கது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவம் நீங்கி, ஏனைய எழுத்துகளைப்போல் தனி ஐகாரக் குறி வந்தது. கற்பித்தலுக்கும் அச்சுக்கும் இது எளிமை தந்தது. ஆனால் அக்குறி தானே இரட்டைச் சுழி உடையது. தடித்த எழுத்தில் அகலமான இடத்தைக் கேட்பது. மூலையை வெட்டுவதற்கு முன், சுழியின் கிடைக்கோட்டை மெலிதாக்கி எழுத்தை அகலப்படுத்தும் அளவை வடிவமைப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். அவ்வளவை எழுத்துக்கு எழுத்து வரையறுப்பதற்கு, புலிமான்கோம்பை நடுகல் முதல் சிவகாசிச் சுவரொட்டி வரை சுழிகளின் உள்வெளியை அளந்து தொகுக்கும் பணி தேவைப்படுகிறது.