பழைய கசெற் பாட்டை அழைப்பொலியாக்குவது எப்படி?

1984 டிசம்பரில் கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள், 2009இல் போர் முடிந்த பின்னரே ஊர் திரும்ப முடிந்தது. இடைப்பட்ட காலத்தின் பாட்டுகள் பெரும்பாலும் கசெற்றிலேயே இருந்தன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தால், அதிலுள்ள பாட்டையோ வீட்டவர் குரலையோ கைபேசி அழைப்பொலியாக்கலாம்.

முதலில் கசெற்றை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். ஈரமும் வெப்பமும் நாடாவைப் பழுதாக்கும். அறுந்தால் சரிசெய்வது கடினம். சத்தமில்லாத அறையில், மின்விசிறியை நிறுத்தி, ரேடியோவின் ஒலிபெருக்கிக்கு அருகே கைபேசியை வைத்து, ஒலிப்பதிவுச் செயலியை இயக்குங்கள்.

அடுத்தது வெட்டுதல். தொடக்க இசையை விட்டுவிட்டு, குரல் எழும் இடத்திலிருந்து 30 விநாடிக்குள் எடுங்கள். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த மேள ஒலி சரியாகக் கேட்காது. படகு இயந்திரச் சத்தத்துக்கு நடுவே உச்சக் குரலும் குழலும்தான் எடுபடும்.

அன்ட்ரொய்ட் கைபேசியில் வெட்டிய கோப்பைச் சேமித்து, அமைப்புகளில் ‘ஒலி’ பகுதிக்குச் சென்று அழைப்பொலியாகத் தெரிவு செய்யலாம். ஐபோனில் கராஜ்பாண்ட் செயலி உதவும். இரண்டிலும், தொடர்புப் பட்டியலில் ஒருவரின் பெயருக்கு மட்டும் தனி அழைப்பொலி வைக்கலாம். அம்மாவின் அழைப்புக்கு மட்டும் அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒலிக்கும்.

அழைப்பொலி என்பது ஒரு துண்டு மட்டுமே. கைபேசி கடலில் விழலாம், களவும் போகலாம். முழுப் பதிவின் ஒரு பிரதியை மெமரி கார்ட்டிலும், இன்னொன்றை வெளியூரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். கசெற்றையும் எறிந்துவிடாதீர்கள்.