கயிறு இழுத்த ரயில்

புகை விடுகிற ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடுதான் நான் கோத்லண்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது மனத்தில் நின்றதோ, ரயிலே இல்லாத ஒரு ரயில் பாதை!

என் அக்கா மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் டாக்டராக இருக்கிறான். ஆகஸ்டு மாதக் கடைசியில் அவன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். "நாவல் எழுதறவர் நாலு சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தா எப்படி மாமா? ஒரு நாள் நடக்க வாங்க. வட்டமாச் சுத்திட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துடலாம்" என்றான். புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்காகப் புறப்பட வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். கிரிவலம் சுற்றுகிற தேசத்திலிருந்து போனவன் அப்படிக் கேட்கலாமா? பேசாமல் கிளம்பிவிட்டேன்.

எங்களோடு அவன் மகளும் வந்தாள். ஒன்பது வயது. அவளுடைய அக்கறை வேறு. 2001-ல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் படத்தில் ஹாக்ஸ்மீட் என்று மந்திரவாதிகளின் ரயில் நிலையம் ஒன்று வருகிறது. அதாகப்பட்டது கோத்லண்ட் நிலையம்தான். "தாத்தா, நீங்க மலையைப் பாருங்க. நான் ஸ்டேஷனைப் பார்க்கறேன்" என்று காரிலேயே உடன்படிக்கை செய்துகொண்டுவிட்டாள்.

பிக்கரிங் என்ற சிற்றூரில் ரயிலேறினோம். கரிப்புகை ஜன்னல் வழியாக வந்து கண்ணில் விழுந்தது. சிறு வயதில் பட்ட அதே எரிச்சல். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை அந்தக் காலத்து ரயிலில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஆற்றுப் பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறியதும் வழியில் ஒரு சதுப்பு நிலம் வந்தது. இந்தப் பாதையைப் போட்டவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன். அந்தச் சதுப்பில் எதைப் போட்டாலும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் ஆட்டுத் தோலில் ஹெதர் செடியைத் திணித்து, மரக்கிளைகளைத் தட்டியாகப் பின்னிப் போட்டு, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்க விட்டாராம்.

ஸ்டீவன்சன் என்றவுடன் எல்லாருக்கும் நீராவி இயந்திரம்தான் ஞாபகம் வரும். லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830-ல் ரயில் ஓடச் செய்த அதே மனிதர்தான். ஆனால் 1836-ம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி விட்பி துறைமுகத்திலிருந்து பிக்கரிங்குக்குத் திறந்த இந்த 24 மைல் பாதையில் அவர் பூட்டியது குதிரையை! தண்டவாளத்தின்மேல் கோச்சு வண்டி. கூரைமேல் உட்கார ஒரு ஷில்லிங். உள்ளே உட்கார மூன்று பென்னி அதிகம். பயணம் இரண்டரை மணி நேரம். முதல் வருஷத்தில் 6,000 பேர் போனார்கள். க்ரோமாண்ட் என்ற ஊரிலிருந்து 10,000 டன் கல் விட்பிக்கு வந்தது. திமிங்கில வேட்டை நொடித்துப் போய், பின்னால் மேட்டு நிலமும் முன்னால் கடலுமாக அடைபட்டுக் கிடந்த துறைமுகத்து ஜனங்கள், இந்தக் குதிரை ரயிலைத்தான் நம்பியிருந்தார்கள்.

கோத்லண்டில் இறங்கினோம். ஊர்ப் பெயரில் இங்கிலீஷ்காரரின் வெள்ளாடு ஒலிக்கிறது. தெருவிலோ முழுக்கச் செம்மறி. புல்வெளியிலும் சாலையிலும் வீட்டு வாசலிலும் அவை பாட்டுக்கு மேய்கின்றன. மேய்ச்சல் உரிமை பரம்பரையாக வருவது. மோட்டார்காரர்கள்தான் நின்று போக வேண்டும்.

ஊருக்கு மேலே ஏறினால் 'மூர்' என்கிற மேட்டு நிலம். மரம் என்பதே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறத்தில் ஹெதர் பூத்துக் கிடந்தது. நம் குறிஞ்சியைப் போல் பன்னிரண்டு வருஷம் காக்க வைப்பதில்லை; வருஷா வருஷம் பூக்கிறது. ஆதியிலிருந்தே இது இப்படிப் பொட்டலாகக் கிடந்தது என்று நினைத்தேன். அது தப்பு. ஒரு காலத்தில் இங்கே காடு இருந்தது. வெண்கலக் காலத்து மனிதன் அதை வெட்டித் திருத்தினான். மண் சாரமற்றுப் போயிற்று. ஹெதர் வந்து மூடிக்கொண்டது. இப்போதும் குரவுஸ் என்ற வேட்டைப் பறவைக்கு இளந்தளிர் கிடைப்பதற்காகக் குளிர் காலத்தில் பட்டை பட்டையாகக் கொளுத்துகிறார்கள். நான் இயற்கை என்று கும்பிட்டது பாதிக்கு மேல் மனிதன் கைவேலை!

அங்கிருந்து இறங்கி, ஊர்க் கோடியிலுள்ள செங்குத்தான படிகள் வழியாக வெஸ்ட் பெக் என்ற ஓடைக்குப் போனோம். கரைச் சுவரிலிருந்து மாலியன் ஸ்பவுட் அருவி விழுகிறது. உயரம் 70 அடி. குற்றாலத்தைப் பார்த்த கண்ணுக்கு, யாரோ மாடியிலிருந்து குடத்தைச் சாய்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் பாசியும் பெரணியும் படர்ந்த பாறைமேல் சத்தமே காட்டாமல் வழிந்த அந்தத் தண்ணீரில் ஓர் அடக்கம் இருந்தது. அதன் பிறகு ஓடைக் கரையில் பாறைக்குப் பாறை தாவ வேண்டும். என் முழங்கால்கள் அன்று சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

ஓடை போய்ச் சேருகிற பள்ளத்தில் பெக் ஹோல் என்று ஓர் ஊர். ஊர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சில வீடுகள், ஒரு பாலம், ஒரு சிறிய மதுக்கடை. பக்கத்தில் இன்னொரு அருவி. தாமசன் ஃபாஸ் என்று பெயர். பெக் என்றால் ஓடை, ஃபாஸ் என்றால் அருவி. இரண்டும் வடகடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் விட்டுப் போன சொற்கள். அருவியைப் பார்க்க மருமகன் மட்டும் போய் வந்தான். நானும் குழந்தையும் பாலத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம்.

அங்கிருந்து கோத்லண்டுக்குத் திரும்புகிற வழிதான் நான் முதலில் சொன்ன பாதை. நூல் பிடித்தாற்போல் நேராக, மரங்களுக்கு நடுவே மேலே ஏறுகிறது. நீளம் சுமார் 1,500 கஜம். சராசரியாகப் பதினைந்து அடிக்கு ஓர் அடி ஏற்றம். சில இடங்களில் அதைவிட மோசம். குதிரையால் இதில் வண்டியை இழுக்க முடியாது. அதனால் கயிறு கட்டினார்கள். உச்சியில் ஒரு வண்டியின் பீப்பாயில் தண்ணீரை நிரப்பிக் கயிற்றின் ஒரு முனையில் மாட்டுவது. மறு முனையில், கீழே நிற்கும் பிரயாணிப் பெட்டி. தண்ணீர் கீழே இறங்க, மனிதர்கள் மேலே ஏறுவார்கள். கீழே வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டியது. நம் ஊர்க் கவலையில் மாடு சரிவில் இறங்கத் தண்ணீர் மேலே வருமே, அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்.

1845-ல் இந்தப் பாதையை ஜார்ஜ் ஹட்சனின் கம்பெனி வாங்கிற்று. யார்க்கில் ஜவுளிக்கடை வைத்திருந்து 'ரயில்வே ராஜா' ஆன மனிதர். முதலீட்டுப் பணத்தையே எடுத்து லாபம் என்று பங்கு போட்டுக் கொடுத்தது 1849-ல் வெளியாகி, ராஜ்யம் சரிந்தது. அதற்குள் அவர் காலத்தில் நடந்த ஒரு காரியம், 1847-ல் குதிரைகள் போய் நீராவி இயந்திரங்கள் வந்தன. ஆனால் அந்த இயந்திரங்களாலும் இந்தச் சரிவில் ஏற முடியவில்லை. உச்சியில் ஒரு நீராவி இயந்திரத்தை நிலையாக நிறுத்திக் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். தண்ணீர்ப் பீப்பாய் போயிற்றே தவிர, கயிறு போகவில்லை.

கயிற்றை நம்பிக் காலம் தள்ள முடியாது என்பது கம்பெனிக்குத் தெரிந்துதான் இருந்தது. சரிவைச் சுற்றிக்கொண்டு, நாற்பத்தொன்பது அடிக்கு ஓர் அடி ஏறும்படி புதுப்பாதை போட 1861-லேயே அனுமதி வாங்கிவிட்டார்கள். வேலையும் நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையில்தான் 1864-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி கயிறு அறுந்தது. பெட்டிகள் கட்டற்றுச் சரிவில் ஓடின. இரண்டு பேர் இறந்தார்கள். பதின்மூன்று பேருக்குக் காயம். புதுப்பாதை 1865 ஜூலையில் திறந்தது. இன்னும் பதினேழு மாதம்!

மூச்சு வாங்க நின்ற இடத்தில் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தை பாதையின் கீழ்க்கோடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ளே இருந்தவங்களுக்குக் கயிறு அறுந்தது தெரியுமா தாத்தா?"

"தெரியாதும்மா. வண்டி வேகம் எடுத்த அப்புறந்தான் தெரிஞ்சிருக்கும்."

"புது ரோடு கட்டறாங்கன்னு தெரியுமா?"

ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எட்ட மேட்டில் மண் வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பார்களோ, என்னவோ? நான் பதில் சொல்லவில்லை. மருமகன், "மெதுவா நடங்க மாமா" என்றான்.

அதற்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீச்சிங் என்பவர் 1963-ல் வெளியிட்ட அறிக்கை, லாபம் தராத ரயில் பாதைகளுக்கெல்லாம் மரண சாசனமாக வந்தது. 1965 மார்ச்சில் இந்தப் பாதையையும் மூடினார்கள். 1967-ல் சிலர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 1973-ல் க்ரோமாண்டிலிருந்து பிக்கரிங் வரை 18 மைலுக்கு மறுபடியும் ரயில் ஓடிற்று. சம்பளம் வாங்காமல் கரி அள்ளவும் டிக்கெட் கிழிக்கவும் வருகிற தொண்டர்கள் இல்லாவிட்டால் அது இல்லை. மழையில்லாத கோடையில் நெருப்புப் பொறி பட்டு மூர் பற்றிக்கொள்ளுமே என்று சில சமயம் டீசல் இயந்திரத்தைப் பூட்டுகிறார்கள். புகைக்காக வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களாம். 1865-ல் கட்டிய ஸ்டேஷன் கட்டடத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டேஷன் அங்கே வந்ததற்குக் காரணம், முக்கால் மைலுக்கு மேல் நீளமுள்ள அந்தக் கயிறு.

நாங்கள் பிளாட்பாரத்துக்கு வந்தபோது வண்டிக்கு நேரமிருந்தது. மந்திரக்கோலும் கறுப்பு அங்கியுமாக நாலைந்து பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழந்தை அவர்களைக் கடந்து நேரே கார்டிடம் போனாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போலிருந்தார், வெள்ளை மீசை. கயிறு இழுத்த இயந்திரம் எந்த இடத்தில் இருந்தது என்று அவரைக் கேட்டாள். அவர் குனிந்து அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சக்கரமும் கயிறுமாகக் காற்றில் வரைந்து காட்ட ஆரம்பித்தார்.