தாத்தாவும் பதினெட்டு டெசிபலும்

போன மாசம் அக்கா வீட்டு பீரோ மேலே கிடந்த விஹெச்எஸ் கேசட் ஒண்ணை இறக்கினோம். 1994-ல நடந்த அவ கல்யாண வீடியோ. பூஞ்சை பிடிச்சுப் போயிருந்தது. டவுன்ல ஒருத்தர்கிட்ட கொடுத்து, துடைச்சு, பென் டிரைவ்ல ஏத்தி வாங்கினோம். மொத்தம் ரெண்டே முக்கால் மணி நேரம். அதுல எங்க தாத்தா வர்றது ஒன்பது செகண்ட்.

அந்த ஒன்பது செகண்டும் வீடியோக்காரர் எடுக்க நினைச்சு எடுத்தது இல்லை. லைட் பாய் ஆலஜன் விளக்கோட பிளக்கைப் பிடுங்கி வேற இடத்துல மாட்டப் போயிருக்கான். கேமரா ஓடிக்கிட்டே இருக்கு. திரை கறுப்பாகுது. அப்புறம் மெதுவா, யாரோ திரைச்சீலையை விலக்கற மாதிரி, படம் தானா வெளுக்குது. எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி புள்ளியா. அந்தப் புள்ளிகளுக்கு நடுவுல, பந்தக்கால் ஓரமா உட்கார்ந்து வெத்தலைக்கு நரம்பு கிள்ளிக்கிட்டு இருக்கார் தாத்தா. அவர் 1996-ல போயிட்டார். அவர் அசையற படம்னு உலகத்துலயே இது ஒண்ணுதான்.

அக்கா பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். லேப்டாப்பை இழுத்து வெச்சுக்கிட்டான்.

"மாமா, லைட் போனப்புறம் எப்படி மாமா வெளிச்சம் வந்துச்சு?"

"ஆட்டோ கெயின்டா. கேமராவே சிக்னலைத் தூக்கி விட்டிருக்கு."

"அப்ப இந்தப் புள்ளியெல்லாம்?"

"அதையும் சேர்த்துத்தான் தூக்கியிருக்கு."

"சரி, நான் இன்னும் கொஞ்சம் தூக்கறேன்"னு என்னமோ சாஃப்ட்வேர்ல பிரைட்னஸைக் கூட்டினான். தாத்தா தெளியலை. எறும்புதான் கட்டெறும்பு ஆச்சு. "1994-ல அந்த ஓட்டைக் கேமரா செஞ்சதை இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் ஏன் மாமா செய்ய மாட்டேங்குது?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. அதுக்குப் பதில் தேடப் போய்த்தான் ஒரு மாசமா இந்தச் சமாசாரத்துல விழுந்து கிடக்கேன். (வீட்டுல திட்டு. அதை விடுங்க.)

கதை கேமராவுல ஆரம்பிக்கலை, ரேடியோவுல ஆரம்பிக்குது. 1920-கள்ல ரேடியோ கேட்கறது ஒரு கைவேலை. பக்கத்து ஸ்டேஷன் காதைக் கிழிக்கும், தூரத்து ஸ்டேஷன் முனகும், ராத்திரியில ஒரே ஸ்டேஷனே ஏறி இறங்கும். ஹெரால்டு வீலர்னு 22 வயசுப் பையன் 1925-ல ஒரு வழி கண்டுபிடிச்சார். வந்து சேர்ற சிக்னலோட பலமே, அதை எவ்வளவு பெருக்கணும்னு முடிவு பண்ணட்டும். பலமா வந்தா பெருக்கத்தைக் குறை, சன்னமா வந்தா கூட்டு. 1929-ல ஃபில்கோ கம்பெனி இதைக் கடைக்குக் கொண்டு வந்துச்சு. எங்க தாத்தாவை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது வீலரோட யோசனையின் பேரன்தான்.

இன்னொரு ரேடியோக்காரர், பெல் ஆய்வகத்து ஹெரால்டு ஃப்ரீஸ். 1944-ல ஒரு சூத்திரம் எழுதினார். அதைக் கணக்கு இல்லாம சொல்றேன். திருவிழா மைக்செட்டை நினைச்சுக்கோங்க. பேசறவர் மைக்கைத் தள்ளிப் பிடிச்சா, மைக்செட்காரர் என்னதான் வால்யூமைத் திருகினாலும் ஜெனரேட்டர் சத்தம்தான் சேர்ந்து பெருசாகும். மைக்கை வாய்கிட்ட கொண்டு போனா, அதே ஜெனரேட்டர் சத்தம் ஒண்ணும் பண்ணாது. இரைச்சல் வந்து சேர்றதுக்கு முன்னாடியே பெருக்கிடணும், அதுக்கப்புறம் பெருக்கிப் பிரயோஜனம் இல்லை. பட சென்சாரோட வரலாறு முழுக்க இந்த ஒரு வரியோட மல்லுக்கட்டுனதுதான்னு எனக்குத் தோணுது.

1968-ல இங்கிலாந்துல, ப்ளெஸ்ஸி கம்பெனியில பீட்டர் நோபிள்னு ஒருத்தர், சிலிக்கான் சென்சார்ல ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை வெக்கலாம்னு எழுதினார். மைக்கை வாய்க்குள்ளேயே வைக்கிற யோசனை! ஆனா அன்னைய சிப் தொழில்ல ஒரு டிரான்சிஸ்டர் மாதிரி இன்னொண்ணு வராது. புள்ளிக்குப் புள்ளி பெருக்கம் மாறினா படம் சொறி பிடிச்ச மாதிரி இருக்கும். யோசனை தூங்கப் போயிடுச்சு.

அடுத்த வருஷம், 1969 அக்டோபர் 17, அமெரிக்காவுல பெல் ஆய்வகத்துல வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கரும்பலகை முன்னாடி உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சிசிடியை வரைஞ்சு முடிச்சாங்க. உண்மையில அவங்க தேடினது நினைவகச் சிப். அதை வெச்சுப் படம் பிடிக்கற கருவியை உருவாக்கி, அதுக்குக் காப்புரிமை வாங்கினது அதே ஆய்வகத்து மைக்கேல் டாம்ப்செட். 2009-ல நோபெல் பரிசு பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் கிடைச்சது, டாம்ப்செட்டுக்கு இல்லை. அவர் பகிரங்கமாவே வருத்தப்பட்டார். என்னைக் கேட்டா நியாயமான வருத்தம். 2017-ல எலிசபெத் ராணி பேர்ல இருக்கற பொறியியல் பரிசை ஸ்மித், டெரானிஷி, ஃபாசம்ங்கற மூணு பேரோட சேர்த்து இவருக்கும் கொடுத்தாங்க. பேர்லயே நோபிள் இருந்தும் பீட்டர் நோபிளுக்கு ரெண்டு பரிசுலயும் பங்கு இல்லை :-)

சிசிடியில புள்ளிக்குள்ள ஆம்ப் கிடையாது. வெளிச்சம் பட்டுச் சேர்ந்த எலக்ட்ரான்களை, தீயணைக்க வரிசையா நின்னு வாளி கை மாத்தற மாதிரி, புள்ளி புள்ளியா நகர்த்திக் கடைசி மூலைக்குக் கொண்டு வருவாங்க. அந்த மூலையில ஒரே ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஒரே ஒரு ஆம்ப். எல்லாப் புள்ளியும் ஒரே ஆம்ப் வழியா வர்றதால சொறி இல்லை.

ஆனா அந்த மூலையில வேற பிரச்சினை. கெப்பாசிட்டரை ஒவ்வொரு தடவையும் காலி பண்ணிட்டுத்தான் அடுத்த வாளியை ஊத்தணும். அது எப்பவும் முழுசா காலி ஆகாது. வெப்பத்துனால ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடக் குறைய மிச்சம் நிக்கும். கெப்பாசிட்டர் 0.1 பிக்கோஃபாரட், அறை வெப்பம்னு வெச்சுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 127 எலக்ட்ரான் அளவுக்கு ஆட்டம் வருது. இருட்டுல உட்கார்ந்திருக்கற தாத்தாவோட மொத்தச் சிக்னலே நூறு எலக்ட்ரான்னா? அவரை விட ஆட்டம் பெருசு.

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சவங்க வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில மார்வின் வைட்டும் கூட்டாளிகளும். சன்னமான வெளிச்சத்துல சிசிடி எப்படி வேலை செய்யுதுன்னு அவங்க எழுதின கட்டுரை 1974-ல வந்துச்சு. வழி ரொம்ப எளிசு. செக்குல எண்ணெய் வாங்கப் போறோம். முதல்ல காலித் தூக்குச்சட்டியை தராசுல வெப்பாங்க, அப்புறம் எண்ணெயோட வெப்பாங்க, கழிப்பாங்க. சட்டிக்கு அடியில ஏற்கெனவே கொஞ்சம் தண்ணி நின்னாலும் கவலை இல்லை, ரெண்டு தடவையும் அதே தண்ணிதானே? அதே மாதிரி, காலி பண்ணின உடனே ஒரு அளவு, வாளியை ஊத்தினப்புறம் ஒரு அளவு. ரெண்டையும் கழிச்சா 127 எலக்ட்ரான் ஆட்டம் ஓடிப் போயிடும். படிச்சப்போ எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு.

கழிச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் பெருக்கணும். கழிக்காம பெருக்கினா சட்டித் தண்ணியையும் சேர்த்துப் பெருக்கறோம். பெருக்கினதுக்கு அப்புறம்தான் எண்ணா மாத்தற ஏடிசிக்கு அனுப்பணும். 'கழி, பெருக்கு, எண்ணு'ங்கற இந்த வரிசைதான் 1990-கள்ல ஒரே சிப்பா ஆச்சு. நடுவுல இருக்கற அந்தப் பெருக்கிதான் நம்ம கதாநாயகன், 'மாறும் பெருக்க ஆம்ப்ளிஃபையர்', சுருக்கமா விஜிஏ. (கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் பின்னாடி சொருகற விஜிஏ இல்லீங்க.)

உதாரணத்துக்கு அனலாக் டிவைசஸ் கம்பெனியோட ஏடி9844. இதோட விஜிஏ 2 டெசிபல்ல இருந்து 36 டெசிபல் வரைக்கும் 1024 படியில ஏறும். 36 டெசிபல்னா 63 மடங்கு. அதுக்கு முன்னாடி இன்னொரு குட்டி ஆம்ப். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளுக்கு வேற வேற பெருக்கம் கொடுக்கும். செகண்டுக்கு 2 கோடி புள்ளி ஓடும்போது, 50 நானோ செகண்டுக்கு ஒரு தடவை பெருக்கத்தை மாத்திக்கிட்டே இருக்கும். குண்டு பல்ப் வெளிச்சத்துல நீலம் சன்னமா வரும், அதை மட்டும் தூக்கி விடத்தான்.

இங்க ஒரு அழகான குறுக்கு வழி உண்டு. நம்ம கண்ணுக்கும் கேமராக்காரருக்கும் வெளிச்சம் இரட்டிப்பு இரட்டிப்பாத்தான் தெரியும். 6 டெசிபல் ஏத்தினா ரெண்டு மடங்கு. அதனால குமிழை ஒரே அளவு திருகினா ஒரே மடங்கு ஏறணும். அந்த ஏத்தம் பழைய பைபோலார் டிரான்சிஸ்டருக்குப் பிறவிக் குணம். கேமரா சிப் செய்யற மாஸ் டிரான்சிஸ்டருக்கு அது வராது. என்ன பண்றது? 1-ஓட ஒரு சின்ன எண்ணைக் கூட்டு, அதே எண்ணை 1-ல இருந்து கழி, முதலாவதை ரெண்டாவதால வகு. வர்ற விடை கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய ஏத்தம்தான்! எண் 0.3-ஆ இருந்தா வரவேண்டியது 5.21 டெசிபல், இந்தத் தந்திரத்துல வர்றது 5.38. யார் கண்ணுக்குத் தெரியப் போகுது? 1995-ல ரமேஷ் ஹர்ஜானி இதை ஹார்ட் டிஸ்க் படிக்கற சுற்றுக்குப் பயன்படுத்தினார். கேமரா சிப்ல இதையே கெப்பாசிட்டர்களை வெச்சு செஞ்சாங்க. ஒரு பக்கம் கெப்பாசிட்டரைக் கூட்டு, மறுபக்கம் அதே அளவு குறை. சிப்புக்குள்ள கெப்பாசிட்டரோட அளவு துல்லியமா வராது, ஆனா ரெண்டோட விகிதம் துல்லியமா வரும். பெருக்கத்துக்கு விகிதம் போதுமே.

இப்ப ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் காலத்துல இது சுருளோட குணம். அமெரிக்க எண்ணும் ஜெர்மன் எண்ணும் 1974-ல சேர்ந்து ஐ.எஸ்.ஓ. ஆச்சு. டிஜிட்டலுக்கு 1998-ல தனித் தரம் எழுதினாங்க. 'ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினா சென்சாரோட கண் கூர்மையாகும்'னு நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். கிடையாது. நூறு ஒளித்துகளுக்கு எத்தனை எலக்ட்ரான்ங்கறது மாறவே மாறாது. நிறைய கேமராக்கள்ல அந்தக் குமிழ் திருகினது விஜிஏவைத்தான். பிறகு ஏன் அதைக் கூட்டி எடுத்தா படம் நல்லா வருது, குறைச்சு எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தினா கெட்டுப் போகுது?

சும்மா ஒரு கணக்கு. சிக்னல் 100 எலக்ட்ரான். ஒளியோட இயல்பான ஆட்டம் 10. பெருக்கிக்கு முன்னாடி இரைச்சல் 5, பின்னாடி ஏடிசியோட இரைச்சல் 20. பெருக்காம விட்டா மொத்த ஆட்டம் சுமார் 23. தாத்தா ஆட்டத்தை விட நாலரை மடங்குகூட இல்லை. 8 மடங்கு பெருக்கிட்டு அனுப்பினா ஏடிசியோட 20, எலக்ட்ரான் கணக்குல 2.5 ஆயிடும். மொத்தம் பதினொன்றரைக்குக் கீழ. தாத்தா கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. அப்ப 64 மடங்கு? பெருசா லாபமே இல்லை, ஒன்பதைக்கூடத் தாண்டாது. பக்கத்துல எரியற டியூப்லைட்தான் வெள்ளையாப் பொங்கி வழியும்.

அதுக்கப்புறம் கதை வேகமா ஓடுது. 1993-ல நாசாவோட ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துல எரிக் ஃபாசம், தூங்கிக்கிட்டிருந்த 'புள்ளிக்குள் ஆம்ப்' யோசனையை சீமாஸ் சிப்ல எழுப்பினார். அதோட பெருக்கியும் இடம் மாறிச்சு. ஒரே மூலை ஆம்ப்புக்குப் பதிலா, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒண்ணு. 4000 வரிசை, ஒவ்வொண்ணுலயும் 3000 புள்ளி, செகண்டுக்கு 5 படம்னா மூலை ஆம்ப்புக்கு ஒரு புள்ளிக்குக் கிடைக்கற நேரம் 17 நானோ செகண்ட்தான். 4000 ஆம்ப் பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்கு 67 மைக்ரோ செகண்ட். நிதானமா அளந்தா இரைச்சல் குறையும். விலை? 4000 ஆம்ப்பும் ஒண்ணு போல இருக்காது, படத்துல செங்குத்தாக் கோடு விழும். அதை அடக்கத் தனிப் பாடு.

சிசிடிக்காரங்களும் சும்மா இல்லை. 2001 வாக்குல, எலக்ட்ரான்களை மூலைக்குப் போற வழியிலேயே பெருக்கிட்டாங்க. ஒவ்வொரு படியிலயும் நூத்துக்கு ஒண்ணு மாதிரி கூடும். நூத்துக்கு ஒரு வட்டிதானேன்னு நினைக்காதீங்க, கூட்டுவட்டி! 500 படி தாண்டினா 144 மடங்கு. கந்துவட்டிக்காரர் தோத்துப் போவார். ஆனா எந்த எலக்ட்ரானுக்கு வட்டி விழும்னு சீட்டுக் குலுக்கல்தான். அந்தக் குலுக்கலே தனி இரைச்சல்.

2007-ல சோனி எக்ஸ்மோர் வந்தப்போ நெடுவரிசைக்கு ஒரு ஏடிசியே வந்துடுச்சு. ஒரு சரிவு மின்னழுத்தம் இறங்கிக்கிட்டே வரும், கூடவே ஒரு கவுண்டர் எண்ணும். புள்ளியோட அளவைச் சரிவு தொட்டதும் எண்ணிக்கை நிக்கும். காலிச்சட்டிக்குக் கீழ்நோக்கி எண்ணு, எண்ணெய்ச் சட்டிக்கு மேல்நோக்கி எண்ணு, கழித்தல் தானா முடிஞ்சது. சரிவைப் பாதியாக் குறைச்சா அதே சிக்னலுக்கு எண்ணிக்கை இரட்டிப்பாகும். அதுதான் 6 டெசிபல் பெருக்கம். பெருக்கியே இல்லாம! நம்ம கதாநாயகன் இந்த மாதிரி சிப்புகள்ல ஒரு கோட்டோட சாய்வா மாறிட்டார்.

இதையெல்லாம் அக்கா பையன்கிட்ட சொன்னேன். பாதியில போனைப் பார்த்துக்கிட்டிருந்தவன், கடைசியில நிமிர்ந்து, "அப்ப தாத்தா விஷயத்துல ஏடிசிக்குப் பதிலா டேப்பு, அப்படித்தானே மாமா?"ன்னான். அதேதான்டா. விஹெச்எஸ் டேப்போட இரைச்சல் கேமரா பெருக்கினதுக்கு அப்புறம் சேர்றது. அந்தக் காலத்துப் பெரிய வீடியோ கேமராக்கள்ல 0, 9, 18 டெசிபல்னு கெயின் ஸ்விட்ச் இருக்கும். 18-னா எட்டு மடங்கு. நம்ம கல்யாணக் கேமராவுல எவ்வளவு ஏறிச்சோ, ஏறினது டேப்புக்குப் போறதுக்கு முன்னாடி. வீடியோக்காரர் ஆட்டோவை அணைச்சு வெச்சிருந்தா தாத்தா டேப்பு இரைச்சலுக்குக் கீழ போயிருப்பார். முப்பது வருஷம் கழிச்சு எந்தச் சாஃப்ட்வேரும் அவரைத் தோண்டி எடுத்திருக்காது.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒன்பதாவது செகண்ட்ல லைட் பாய் பிளக்கை மாட்டிடறான். கெயின் இன்னும் இறங்கலை, அதனால அரை செகண்டுக்குத் திரை முழுக்க வெள்ளை. அது தெளியும்போது கேமரா பந்தி பக்கம் திரும்பியாச்சு.