கட்டாரி: எடைக்குப் போன தஞ்சாவூர் ஆயுதம்

முருகன் கோயில்களில் கந்த சஷ்டி என்றால் சூரசம்ஹாரம். நம் திருத்தணியில் மட்டும் அது கிடையாது. போர் முடிந்து சினம் தணிந்த இடம் என்பதால் அன்று புஷ்பாஞ்சலிதான். ஆயுதத்துக்கு வேலையில்லாத ஊர் நம்முடையது. வேலையில்லாமல் போன ஆயுதங்கள் என்ன ஆகும்? தஞ்சாவூர்க் கட்டாரியின் கதை அதைச் சொல்கிறது.

கட்டாரி ஒரு குத்துவாள். சாதாரணக் கத்தியில் அலகும் பிடியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கட்டாரியில் பிடி குறுக்கே இருக்கும். இரண்டு பக்கச் சட்டங்கள், நடுவே இணையாக இரண்டு கம்பிகள்; பார்க்க ஏணிப்படி போல் இருக்கும். அந்தக் கம்பிகளைப் பிடித்துக் கையை மூடினால் அலகு முஷ்டிக்கு நேரே நீண்டு நிற்கும். குத்தும்போது கையின் பலம் முழுவதும் முனைக்குப் போகும். பக்கச் சட்டங்கள் மணிக்கட்டின் இருபுறமும் அணைத்து நிற்பதால் பிடி நழுவாது. சங்கிலிக் கவசத்தைத் துளைப்பதற்காகப் பலவற்றின் முனை தடிப்பாக இருக்கும்.

17ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்க் கட்டாரிகளுக்குத் தனி அடையாளம் உண்டு. புறங்கையை மூடும் வளைந்த இரும்புத் தகடு, அதில் துளையிட்ட வேலைப்பாடு, சிலவற்றின் உச்சியில் யாளி முகம். பிடி உள்ளூர் வேலை. பலவற்றின் அலகோ ஐரோப்பிய வாளிலிருந்து வந்தது! கப்பலில் வந்த நீண்ட வாளின் அலகை வெட்டிப் பிடியோடு ஆணி அறைந்து பொருத்தினார்கள்.

ஜப்பானில் குறுவாள் செய்த கொல்லர், பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் தன் பெயரை உளியால் வெட்டி வைப்பது உண்டு. பிடியைக் கழற்றினால் செய்தவர் யார் என்று தெரியும். நம் கட்டாரியில் பொதுவாக அப்படிப் பெயர் இருக்காது. தகட்டின் வளைவு, ஆணி அறைந்த விதம், அலகின் பள்ளம் ஆகியவைதான் அந்தக் கொல்லரின் கையெழுத்து. பொருள் உடைந்தால் அதுவும் போயிற்று.

அப்படித்தான் போயிற்று. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமானது. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்திருந்த ஆயுதங்களில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878இல் இதை வருத்தத்தோடு எழுதி வைத்தார். தேர்ந்தெடுத்த சில ஆயுதங்கள் மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. வேறு சில வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் நமக்கு ஒரு நாள் பயணம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். ஆயுதக் கூடத்தில் அலகின் கூர்மையை மட்டும் பார்க்காமல், பிடியும் அலகும் சேரும் இடத்தைக் காட்டுங்கள். இரண்டு தேசத்துக் கொல்லர்கள் சந்தித்த இடம் அது.

இன்னொன்று. ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது தாத்தா காலத்துப் பாக்குவெட்டி, அரிவாள்மணை, பூட்டு எல்லாம் வெளியே வரும். காயலான் கடைக்காரர் தராசை எடுக்கும் முன், அவற்றை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். யார் செய்தது, எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டி வையுங்கள். எடைக்குப் போட்டால் இரும்புக்குத்தான் விலை கிடைக்கும்.