கொழும்பு வீழ்ந்திருந்தால்

1587 இல் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டான். 1588 பெப்ரவரியில் வெற்றியின்றித் திரும்பினான். அவன் வென்றிருந்தால் இலங்கையின் கதை எவ்வாறு சென்றிருக்கும் என மாணவர் கேட்பதுண்டு. இது வீண்கேள்வியன்று. நடவாததை எண்ணிப் பார்க்கையில் நடந்ததன் காரணங்கள் துலங்குகின்றன.

முற்றுகையை முறியடித்தது கடலே. கோட்டைக்கு அரணாயிருந்த ஏரியின் நீரை இராசசிங்கனின் ஆட்கள் வாய்க்கால் வெட்டி வடித்தனர். எத்தனை குடியானவரின் முதுகு அதில் ஒடிந்ததோ! தரைவழிகள் அடைபட்டன. ஆயினும் கோவாவிலிருந்தும் கொச்சியிலிருந்தும் உணவும் படையும் கப்பலேறி வந்தன. போதிய கடற்படையில்லாத அரசு ஒரு துறைமுகத்தைப் பட்டினியால் பணியவைப்பது எங்ஙனம்? இதற்கிடையில் தோமே டி சூசா தென்கரையைச் சூறையாடி, தேவேந்திரமுனைக் கோயிலையும் இடித்தழித்தான்.

கோட்டையினுள் நின்று போரிட்டோர் அனைவரும் போர்த்துக்கேயர் அல்லர். சிங்கள லஸ்கரீன் வீரரும் இருந்தனர். கோட்டே மன்னன் தர்மபாலன் அங்கேதான் தஞ்சம் புகுந்திருந்தான். இதனை இனப்போராகவும் மதப்போராகவும் தீட்டிக்காட்டுவோர் இவர்களை எங்கே நிறுத்துவர்? இராசசிங்கன் சைவனானமைக்காக ஒருசாரார் அவனைத் தூற்றுகின்றனர். மறுசாரார் அதன்பொருட்டே அவனைப் போற்றுகின்றனர். இரு கட்சியினருக்கும் இம்முற்றுகை துணைபுரியாது.

கொழும்பு வீழ்ந்திருப்பின், தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னனுக்குத் தர்மபாலன் 1580 இல் எழுதிக்கொடுத்த சாசனம் வெறுந்தாளாகியிருக்கும். 1597 இல் அவன் இறந்தபோது அத்தாளே கரையோரத்துக்கு உரிமைப் பத்திரமாயிற்று. கறுவா வாணிகமும் சீதாவாக்கையின் கைக்கு வந்திருக்கும். ஆனால் கறுவா உரித்த சலாகம மக்களின் கட்டாய ஊழியம் ஒழிந்திருக்குமா? அவ்வாறு நம்ப நான் ஆயத்தமில்லை. அதே ஊழிய முறையின்மீதுதான் இராசசிங்கனின் அரசும் நின்றது. அடக்கி வைத்திருந்த கண்டி அவன் கண்முன்னேயே கைநழுவியது. 1593 இல் அவன் மாண்டபின் சீதாவாக்கை சிதறிற்று. ஒரு கோட்டையைப் பிடித்திருந்தால் மட்டும் இந்த உள்விரிசல் மூடியிராது.

யாழ்ப்பாணம் தப்பியிருக்குமா? 1560 முதலே மன்னாரில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியிருந்தனர். 1591 இல் அந்திரே பூர்த்தாடோ யாழ்ப்பாணத்தைத் தாக்கியது மன்னாரிலிருந்து புறப்பட்டே. அத்தாக்குதலைக் கொழும்பின் வீழ்ச்சி தடுத்திருக்குமெனச் சொல்வதற்கில்லை. 1619 இன் கதை வேறு. அவ்வாண்டு சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து அரசையே விழுங்கிய பிலிப்பு டி ஒலிவேராவை ஏவி அனுப்பியவன், கொழும்பில் வீற்றிருந்த போர்த்துக்கேயத் தளபதி.